பெயரில்லாத் தட்டும் பெயர் சூட்டும் ஆசையும்

கையெழுத்தோ ஆண்டோ முத்திரையோ இல்லாத கலைப்பொருளுக்குத் தாயகம் காண்பது எளிய செயலன்று. ஏட்டுப் பிரதியாயின் படியெடுத்தவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இறுதிப் பக்கத்தில் இருக்கும். நாணயமாயின் அக்கசாலையின் பெயர் இருக்கும். கல்வெட்டாயின் மன்னனின் ஆட்சியாண்டு இருக்கும். கண்ணாடிப் பாண்டத்தில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே பார்ப்பவர் தம் மனத்தில் ஏற்கெனவே உள்ள பெயரை அதன் மீது ஏற்றிவிடுகிறார். அப்பெயர் சில காலத்தில் செய்தியாகி, பின்னர் வரலாறாகவும் நிலைபெற்றுவிடுகிறது. நம் சமுதாயத்தின் பழம்பொருள்களைப் பற்றி எழுதுவோரிடையே இப்போக்கு மிகுந்து வருவதால் அதனை ஆராய்வது அவசியமாகிறது.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு பொருளையே சான்றாக எடுத்துக்கொள்வோம். திருக்கழுக்குன்றத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தினர் தலைமுறைகளாகப் பாதுகாத்து வரும் கண்ணாடித் தட்டு ஒன்று அண்மையில் நம் பார்வைக்கு வந்தது. ஏறக்குறைய ஒரு சாண் அகலம். இளமஞ்சள் கலந்த பச்சை நிறம். பூவிதழ் போல் வளைந்த விளிம்பில் பால் போன்ற வெண்மை படர்ந்திருக்கிறது. வெளிப்புறத்தில் புடைப்பு வேலைப்பாடு, உட்புறம் வழவழப்பு. திருமண நாள்களில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பேரீச்சம்பழமும் கற்கண்டும் வைத்துக் கொடுக்க மட்டுமே அதை வெளியே எடுப்பார்களாம். அதன் மீது எழுத்தேதும் இல்லை.

இத்தட்டுக்கு இதுவரை மூன்று பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. பழம்பொருள் வாங்க வந்த வணிகர் ஒருவர் 'முகலாயர் காலத்தது' என்றார். ஊர் வரலாற்றில் ஆர்வமுள்ள அன்பர் 'சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்களுடையது' என்றார். மற்றொருவர், வண்ணக் கண்ணாடி அனைத்தையும் நம் நாட்டில் அழைக்கும் வழக்கப்படி, 'பெல்ஜியம்' என்றார். மூவரும் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களே. ஆயினும் மூவரும் தட்டைவிடத் தம் நினைவையே மிகுதியாகப் பார்த்தனர் என்பது நம் கருத்து.

டச்சுப் பெயரின் கவர்ச்சி

திருக்கழுக்குன்றத்தில் 'டச்சு' என்ற பெயர் எழுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலைமீது பல்லவர் காலத்தில் குடைந்தெடுக்கப்பட்ட ஒருகல் மண்டபத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தம் பெயர்களைப் பொறித்து வைத்துள்ளனர். கிழக்கே கடற்கரையில் உள்ள சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுடைய கோட்டையும் கல்லறைகளும் இன்றும் உள்ளன. துணி வாணிகத்திற்காக வந்து தங்கிய அவர்கள் மலைகாண வந்தபோது விட்டுச்சென்ற கையொப்பங்கள் இவை. பாறையில் பெயர் எழுதியவர்கள் வீட்டுப் பாண்டங்களையும் இவ்வூரில் விட்டுச் சென்றிருக்கலாம் என்று ஒருவர் நினைப்பது இயல்பே.

ஆனால் ஓர் இடத்தில் ஒரு சாரார் வாழ்ந்தனர் என்பதும், அவ்விடத்துப் பொருள் அவர்களுடையது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். இரண்டாவதற்குத் தனிச் சான்று வேண்டும். 1824ஆம் ஆண்டின் ஆங்கில–டச்சு உடன்படிக்கையைத் தொடர்ந்து 1825இல் சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாயிற்று. எனவே தட்டு டச்சுக்காரர் வழி வந்ததாயின் அதற்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும். இதைத் தட்டிடமே கேட்டறியலாம்.

தட்டு அளிக்கும் சாட்சியம்

கண்ணாடி கண்ணை ஏமாற்றும் இயல்புடையது. ஸபா நாட்டு அரசி, ஸுலைமான் நபி அவர்களின் மாளிகைத் தரையை நீரெனக் கருதிய நிகழ்ச்சியை அந்நம்ல் அத்தியாயத்தின் 44ஆம் வசனத்தில் வாசகர்கள் ஓதியிருப்பர். பளிங்குத் தரை என்று அறிவிக்கப்பட்ட பின்னரே அவர் உண்மையை உணர்ந்தார். கண்ணால் கண்டதைக் கொண்டு மட்டும் கண்ணாடியைப் பற்றித் தீர்ப்புக் கூறலாகாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான நினைவூட்டல் வேறில்லை.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். ஊதிச் செய்த பாண்டத்தின் அடியில், அதைத் தாங்கிய இரும்புக்கோலை உடைத்தெடுத்த தழும்பு இருக்கும். அல்லது அத்தழும்பைத் தேய்த்த தடம் இருக்கும். நம் தட்டில் தழும்பில்லை. மாறாக, வெளிப்புறத்தில் மூன்று மெல்லிய கோடுகள் விளிம்பிலிருந்து அடிவரை இறங்குகின்றன. இவை அச்சின் பகுதிகள் ஒன்றுசேரும் இடங்கள். அச்சுக்குள் ஊதிச் செய்த பாண்டத்திலும் இத்தகைய கோடு வரும். ஆனால் அதில் வெளியே புடைத்த இடம் உள்ளே குழிந்திருக்கும். நம் தட்டின் உட்புறமோ வெளிப்புற வேலைப்பாட்டைப் பின்பற்றாமல் சமமாக இருக்கிறது. உருகிய கண்ணாடியை அச்சிலிட்டு மேலிருந்து உலக்கை போன்ற கருவியால் அழுத்தினால்தான் இவ்வாறு அமையும். இப்பொறிமுறை 1820களில் அமெரிக்காவில் வளர்ந்து, பின்னர் ஐரோப்பாவில் பரவியது.

அடுத்தது நிறம். ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கின் கீழ் இத்தட்டு பளிச்சென்ற பச்சை ஒளி வீசுகிறது. யுரேனியம் கலந்த கண்ணாடியின் அடையாளம் இது. 1830களிலிருந்து பொஹீமியாவிலும் பின்னர் இங்கிலாந்து முதலிய நாடுகளிலும் இக்கண்ணாடி மிகுதியாகச் செய்யப்பட்டது. விளிம்பின் வெண்மை மேற்பூச்சன்று. அச்சிலிருந்து எடுத்த பாண்டத்தின் விளிம்பை மீண்டும் சூடேற்றும்போது கண்ணாடியின் உள்ளிருந்தே அது தோன்றுகிறது. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரத்து டேவிட்சன் நிறுவனம் 1889இல் உரிமம் பெற்று, மஞ்சளிலும் நீலத்திலும் இம்முறையில் செய்த பாண்டங்களைப் 'பேர்லைன்' என்ற பெயரில் விற்றது.

இவற்றை ஒன்றுசேர்த்தால் முடிவு தெளிவாகிறது. டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தை விட்டகன்று பல ஆண்டுகள் சென்ற பின்னரே இத்தட்டு பிறந்திருக்கிறது. ஔரங்கசீப் மன்னரின் காலத்திற்கும் இதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. வடஇங்கிலாந்தின் ஆலையொன்றில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அச்சில் அழுத்தப்பட்டது என்பதே பெரிதும் பொருந்தும் முடிவு. புடைப்பு வேலைப்பாட்டை ஆலைகளின் பழைய விலைப்பட்டியல் படங்களோடு ஒப்பிட்டால் ஆலையின் பெயரையும் உறுதிப்படுத்த இயலும்.

இங்கு ஒரு தவறான விதியையும் சுட்டவேண்டும். 'நாட்டின் பெயர் பொறிக்கப்படாத பாண்டம் 1891க்கு முற்பட்டது' என்று பலர் எழுதுகின்றனர். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அந்நாட்டுக்குள் வரும் பொருள்களுக்கு விதித்த நிபந்தனையிலிருந்து பிறந்த விதி அது. சென்னைக்கோ இரங்கூனுக்கோ வந்த சரக்கிற்கு அது பொருந்தாது. காகிதச் சீட்டு ஒட்டிய பாண்டத்தில் முதல் கழுவலிலேயே சீட்டு போய்விடும் என்பதையும் மறக்கலாகாது.

மேற்கோள் குறிக்குள் ஒரு பேரரசு

வணிகர் கூறிய 'முகலாயர்' என்ற பெயரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் கற்றறிந்தோரையும் நெடுங்காலம் மயக்கிய பெயர் அது. பொன்மலர் தீட்டிய ஹூக்காக் குடுவைகள், மாந்தர் உருவம் தீட்டிய சதுரப் புட்டிகள், தட்டுகள், கிண்ணங்கள் ஆகியன உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் 'முகலாயக் கண்ணாடி' என்ற தலைப்பின் கீழ் இடம்பெற்று வந்துள்ளன. மோரேஷ்வர் தீட்சித் அவர்களின் இந்தியக் கண்ணாடி வரலாறு 1969இல் பம்பாய்ப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. தொல்லியல் சான்றுகளையும் அருங்காட்சியகப் பொருள்களையும் ஒருங்கே தொகுத்த அரிய நூல் அது. அதன் பின் 1973இல் சைமன் டிக்பி இத்துறை பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'முகலாய' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டார். 1991இல் லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தின் சேகரத்தைப் பற்றி எழுதிய ஸ்டீபன் மார்க்கல், இந்தியப் பாண்டங்களையும் 'இந்தியச் சாயல்' கொண்ட பாண்டங்களையும் தலைப்பிலேயே பிரித்துக் காட்டினார்.

இம்மேற்கோள் குறிகளை நாம் பெரிதும் மதிக்கிறோம். பூவேலை முகலாய ஓவியத்தை ஒத்திருக்கிறது. ஆனால் பூவை வரைந்த கையும் கண்ணாடியை உருக்கிய கையும் ஒரே நாட்டினவா என்ற கேள்வியை அவை எழுப்புகின்றன. பொஹீமியாவிலும் இங்கிலாந்திலும் செய்த வெற்றுப் பாண்டங்கள் இந்தியாவிற்கு வந்து இங்குப் பொன்னும் வண்ணமும் பெற்றிருக்கக் கூடும். இந்தியச் சந்தையை எண்ணி ஐரோப்பாவிலேயே பூவேலை செய்யப்பட்டிருக்கவும் கூடும். இங்கேயே உருக்கி இங்கேயே தீட்டியனவும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய வேலைப்பாட்டின் அழகு போதாது. கண்ணாடியின் கலவை தேவை. 1674இல் ராவன்ஸ்கிராஃப்ட் உரிமம் பெற்றபின் இங்கிலாந்தில் ஈயம் மிகுந்த கண்ணாடி பரவியது. பொஹீமியக் கண்ணாடியில் மரச்சாம்பலின் பொட்டாசியம் மிகும். அரிக்கமேடு முதலான தென்னிந்தியத் தளங்களின் பழங்கண்ணாடி மணிகளில் அலுமினா மிகும். மேற்காசியாவில் ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டு முதல் உவர்நிலச் செடிகளின் சாம்பல் இளக்குப் பொருளாயிற்று. பொருளைச் சிதைக்காமல் இவற்றை அளக்கும் எக்ஸ் கதிர்க் கருவிகள் இன்று உள்ளன.

'இஸ்லாமியக் கண்ணாடி' என்ற பெருந்தலைப்புக்கும் இதே எச்சரிக்கை தேவை. மம்லூக் சுல்தான்களின் பள்ளிவாசல் விளக்குகளில் அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் தீட்டப்பட்டிருப்பதை நாம் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். கண்ணாடியைச் சுடர்விடும் விண்மீனுக்கு ஒப்பிடும் வசனம் அது. அதே விளக்குகளைக் கண்டு வியந்த பிரெஞ்சுக் கலைஞர் ப்ரோகார், அவற்றின் எனாமல் முறையைத் தாமே பயின்று, 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் தம் படைப்புகளை வைத்தார். கையொப்பமிடாத அத்தகைய விளக்கு ஒன்றை எழுத்தையும் வண்ணத்தையும் மட்டும் கண்டு மிஸ்ரு நாட்டின் 14ஆம் நூற்றாண்டுப் பொருளென எவரும் கூறிவிடக் கூடும். 2001இல் கார்னிங் நகரிலும் பின்னர் நியூயார்க்கிலும் ஏதென்ஸிலும் நடந்த 'சுல்தான்களின் கண்ணாடி' என்னும் கண்காட்சி, மூலப் படைப்புகளோடு ஐரோப்பியர் செய்த இத்தகைய படைப்புகளையும் சேர்த்துக் காட்டியது நல்ல முன்மாதிரி.

எழுத்திருந்தால் மட்டும் ஐயம் தீர்ந்துவிடுமா? வெனிஸ் நகரத்து சான் மார்க்கோ தேவாலயக் கருவூலத்தில் நீலப்பச்சை நிறக் கிண்ணம் ஒன்றுண்டு. அதன் அடியில் கூஃபி எழுத்தில் 'குராஸான்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. நெடுங்காலம் அதை ஒரே பெருங்கல்லில் குடைந்த பேரோஜாக் கிண்ணம் என்றே கருதினர். உண்மையில் அது ஒளிபுகாக் கண்ணாடி. உயர்ந்த பேரோஜாக்கல் விளையும் நைஷாபூர், குராஸானைச் சேர்ந்தது. ஆகவே அவ்வெழுத்தைப் பிறப்பிடக் குறிப்பாகக் கொள்வோரும் உளர். கல்லென நம்பவைக்கும் விற்பனை உத்தியாகக் கொள்வோரும் உளர். பெயர்ச்சீட்டும் ஒரு கூற்றுதான். அதையும் விசாரித்தே ஏற்கவேண்டும்.

ஒரு பிறப்பிடமா, நான்கா?

இவ்விடத்தில் 'இது எந்த ஊர்ப் பொருள்' என்ற கேள்வியையே திருத்திக்கொள்ள வேண்டும் என்று நாம் கருதுகிறோம். கண்ணாடியைப் பொறுத்தவரை அக்கேள்வி நான்காகப் பிரிகிறது. எங்கே உருக்கப்பட்டது? எங்கே உருவாக்கப்பட்டது? எங்கே அணி செய்யப்பட்டது? எங்கே, யாரால் பயன்படுத்தப்பட்டது?

இப்பிரிவினை வெறும் தர்க்கமன்று. துருக்கிக் கடற்கரையில் ஸெர்ச்சே லிமானி என்னுமிடத்தில் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூழ்கிய கப்பலை 1977 முதல் 1979 வரை அகழ்ந்தபோது ஏறத்தாழ மூன்று டன் கண்ணாடி வெளிப்பட்டது. அதில் பெரும்பகுதி மீண்டும் உருக்குவதற்காக ஏற்றிச்சென்ற உடைகண்ணாடியும் கட்டிகளும் ஆகும். ஓரிடத்தில் பிறந்த கண்ணாடி மற்றோரிடத்தில் மறுபிறவி எடுத்ததற்கு இது கண்கண்ட சான்று. சீனாவின் ஃபாமென் ஆலயத்து நிலவறை 874இல் மூடப்பட்டு 1987இல் திறக்கப்பட்டது. அதனுள் இருந்த சுமார் 20 கண்ணாடிப் பாண்டங்களில் கீறல் வேலைப்பாடுடைய நீலத்தட்டுகள் மேற்காசியாவிலிருந்து வந்தவை. நைஷாபூர் அகழாய்வில் கிடைத்த துண்டுகளோடு அவற்றை ஒப்பிடுகின்றனர். எழுத்தில்லாத அத்தட்டுகளுக்குக் காலத்தைக் கொடுத்தது அவற்றைச் செய்த ஊரன்று. பௌத்தர்கள் அவற்றைப் போற்றி வைத்த இடம். பயன்பட்ட இடத்தின் செய்தி பிறந்த இடத்தின் செய்திக்குச் சற்றும் தாழ்ந்ததன்று என்பதை இது மெய்ப்பிக்கிறது.

திருக்கழுக்குன்றத்தின் அண்மையிலேயே இதற்கொப்பான பாடம் ஒன்றுண்டு. பாலாற்று முகத்துவாரத்தில் உள்ள வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வைப் பற்றி ரா. நாகசாமி, அ. அப்துல் மஜீத் ஆகியோர் எழுதிய அறிக்கையைத் தமிழக அரசின் தொல்லியல் துறை 1978இல் வெளியிட்டது. மேலைநாட்டு ஜாடித் துண்டு கிடைத்தால் ரோமானிய ஆம்போரா என்று கூறும் வழக்கம் அக்காலத்தில் இந்தியா முழுவதும் இருந்தது. 2007இல் ரொபெர்ட்டா டாம்பர், இந்தியத் தளங்கள் பலவற்றில் கிடைத்த இத்தகைய துண்டுகளை மீண்டும் ஆராய்ந்து, அவற்றுள் கணிசமானவை மெசப்பொத்தேமியாவின் 'டார்பிடோ' ஜாடிகள் என்று நிறுவினார். ரோமாபுரியின் புகழ் பாரசீக வளைகுடாவின் வாணிகத்தை மறைத்திருந்தது. துண்டுகள் மாறவில்லை, பெரும்பெயரின் மீதிருந்த பற்றை விலக்கி நோக்கியவுடன் அவை வேறொன்றைக் கூறின.

நம் மொழியே இதற்குச் சாட்சி. பாரசீகத்தின் 'பிங்கான்' தமிழில் பீங்கானாயிற்று; 'ஷீஷா' சீசாவாயிற்று. அரபியின் 'ஸஹ்ன்' நம் விருந்துகளில் பலர் சூழ்ந்துண்ணும் சஹனாயிற்று. உர்துவில் ஜாடியைக் குறிக்கும் 'மர்தபான்', பர்மாவின் துறைமுகப் பெயர். ஜாடிகள் அத்துறையில் கப்பலேறின. அவற்றுள் பல வேறு நாடுகளில் செய்யப்பட்டவை. பாண்டத்திற்கு நாம் தரும் பெயர் பெரும்பாலும் அது கடைசியாகக் கடந்து வந்த துறையின் பெயராகவோ, அதைக் கொணர்ந்தவரின் மொழியாகவோ அமைகிறது.

எழுதப்படாத பக்கம்

திருக்கழுக்குன்றத்துக் குடும்பத்தில் மூத்த பெண்மணி ஒருவர் கூறியதை மூன்று அறிஞர்களும் செவிமடுக்கவில்லை. தம் பாட்டனார் இரங்கூனில் கடை வைத்திருந்தார் என்றும், பர்மாவிலிருந்து நம் மக்கள் 1942இல் அகதிகளாகத் திரும்புவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், மகளின் திருமணத்திற்கு ஊர் வந்தபோது இத்தட்டைக் கொணர்ந்தார் என்றும் அவர் கூறினார். ஆங்கிலேய ஆலைச் சரக்கு, ஆங்கிலேயர் ஆண்ட இரங்கூன் கடைத்தெரு, அங்கே சூலியா முஸ்லிம்கள் நடத்திய வாணிகம் என்ற வரிசையில் இச்செய்தி தட்டின் சாட்சியத்தோடு முரணின்றிப் பொருந்துகிறது. 'முகலாயர்' என்றும் 'டச்சு' என்றும் கூறியவர்கள் ஆயிரக்கணக்கில் விற்ற ஆலைத்தட்டு ஒன்றை அரும்பொருளாக உயர்த்துவதாக எண்ணினர். உண்மையில் அத்தட்டோடு மட்டுமே பிணைந்திருந்த ஒரே தனிச்செய்தியை, இரங்கூனிலிருந்து மகளுக்காகக் கடல்கடந்து வந்த அச்செய்தியை, அழிக்கவிருந்தனர்.

விலையை எண்ணி வருந்துவோருக்கு ஒரு சொல். இத்தகைய ஆலைத்தட்டு அருங்காட்சியகத்தின் மையப் பேழையில் இடம்பெறாது. பெரும் விலையும் பெறாது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் தமிழ் முஸ்லிம்கள் எங்கெங்கு வாழ்ந்தனர், எதை அழகெனக் கருதினர், மகளிருக்கு எதைச் சீராக அளித்தனர் என்பதற்கு ஆவணங்கள் குறைவு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பழவேற்காடு என்று கடலோரம் நெடுக, வீட்டு அலமாரிகளிலும் தர்காக்களின் விளக்குக் கொத்துகளிலும் அந்த ஆவணங்கள் கண்ணாடியாகவும் பீங்கானாகவும் இருக்கின்றன. வீடு பாகம் பிரியும்போது அவை பழம்பொருள் கடைக்குப் போகின்றன. அங்கிருந்து புதிய பெயருடன் வெளியேறுகின்றன.

நம் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் ஊர்தோறும் உள்ள ஜமாஅத்துகளும் இதற்கொரு பதிவேடு தொடங்குவது கடினமன்று. பொருளின் அளவு, நிறம், எடை, அடிப்புறத்தின் படம், அச்சுக்கோடு அல்லது தழும்பு, புற ஊதா ஒளியில் அதன் தோற்றம் ஆகியவற்றை முதற்பத்தியில் எழுதலாம். அதைத் தந்தவர், பெற்றவர், வந்த துறைமுகம், பயன்பட்ட நிகழ்ச்சி ஆகியவற்றை வீட்டிலுள்ள மூத்தோரிடம், குறிப்பாகப் பெண்களிடம், கேட்டு இரண்டாம் பத்தியில் எழுதலாம். 'பிறப்பிடம்' என்ற பத்தியை இறுதியில் வைத்து, சான்று கிட்டும்வரை வெறுமையாகவே விட்டுவிடலாம். முதற்பத்தியிலுள்ள செய்திகளை ஆய்வாளர்கள் இன்னும் நூறாண்டு கழித்தும் அளந்தறிய இயலும். இரண்டாம் பத்திக்குரிய சாட்சிகள் நம்மிடையே இருக்கப்போவது சில ஆண்டுகளே.